மோர், முட்டை ஓடு, எப்சம் உப்பு: கடலோர மாடித் தோட்டத்தில் எது பலிக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மொட்டை மாடியில் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைத்துத் தக்காளி, பீன்ஸ், கத்தரி, கறிவேப்பிலை வளர்க்கிறீர்கள். பார்த்தவர், கேட்டவர் சொன்னதையெல்லாம் விடாமல் செய்கிறீர்கள். தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு போட்டாயிற்று, முட்டை ஓடும் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரும் கொடுத்தாயிற்று, எப்சம் உப்பு தெளித்தாயிற்று, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றியாயிற்று, மூலையில் ஒரு சாமந்தியும் வைத்தாயிற்று. வெயிலில் தண்ணீர் விடுவதே இல்லை. ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரைக்கூட வீணாக்காமல் செடிக்கே ஊற்றுகிறீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் இலை ஓரம் கருகுகிறது, தக்காளிப் பூ கொட்டுகிறது, கறிவேப்பிலை மஞ்சளடிக்கிறது. இதில் எதெல்லாம் பொய் என்று கேட்கிறீர்கள். இத்தனை செய்தும் செடி ஏன் தேறவில்லை என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தோட்டக்கலை படித்தவன் நான். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும்தான் என் வேலை. உங்கள் செடியை நேரில் பார்க்கவில்லை. அதனால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் ஒரே பக்கம், உப்பின் பக்கம், கை காட்டுகின்றன.

முதலில் அந்த ஆர்.ஓ. தண்ணீர். உங்கள் பட்டியலில் நீங்கள் சந்தேகப்படாத ஒன்று இதுதான், நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான். மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மூன்று லிட்டரில் இருந்த உப்பில் பெரும்பகுதி மீதி இரண்டு லிட்டரில் சேர்ந்துவிடும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 900 என்று வைத்துக்கொண்டால், கழிவாக வரும் தண்ணீரில் அது 1300-ஐத் தாண்டும். உலக உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் பாசன நீர் அளவுகோல்படி 450 வரை கவலை இல்லை. 450-லிருந்து 2000 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துக் கவனமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இது நிலத்துக்குச் சொன்ன கணக்கு. நிலத்தில் மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் நிறைய ஊற்றி அடியில் வடியவிடாவிட்டால் அது போக இடமில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தங்கும். நாளுக்கு நாள் சேரும்.

பையின் வெளி விளிம்பையும், தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றியும் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்திருக்கிறதா? மண்ணின் மேல்பரப்பு காய்ந்ததும் சாம்பல் பூத்தமாதிரி ஆகிறதா? கருகல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, முதிர்ந்த இலையில் அதிகமாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உப்பு என்று பெருமளவு நம்பலாம். கடற்கரையை ஒட்டிய நம் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் சப்பையாக, அதாவது உப்புக் கரிப்பாகத்தான் இருக்கும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே நகர்ந்து வரும். புதுச்சேரி, கடலூர்க் கடலோரத்தில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கடற்கரையோரத் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் பொருந்துகிற யோசனை கோரிமேட்டுச் செம்மண்ணுக்குப் பொருந்தாது, பாகூர்க் களிமண்ணுக்கும் பொருந்தாது. எந்தக் குறிப்பைக் கேட்டாலும் 'எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில்' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்து, வெயிலில் தண்ணீர் விட்டால் துளி லென்ஸ்போல் ஒளியைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது. இதை வெறும் பேச்சாக விடாமல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வழவழப்பான இலையில் படிகிற துளி இலையைச் சுடுவதில்லை. துளி இலையோடு ஒட்டி இருப்பதால் ஒளி குவியும் இடம் இலைக்குக் கீழே போய்விடுகிறது. துளியே இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ரோமம் அடர்ந்த இலையில், ரோமத்தின் மேல் துளி தூக்கி நிற்கும்போது மட்டும் சுடக்கூடும். ஒருவகை மிதக்கும் நீர்ப்பெரணியில் அப்படி நடந்ததைக் கண்டார்கள். தோட்டத்துச் செடிகளைப் பொறுத்தவரை, வாடிக் கிடக்கும் செடிக்கு மதியம் இரண்டு மணிக்கு வேரில் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஊற்றாமல் விட்டால்தான் ஆகும்.

அப்படியானால் மதியம் ஊற்றிக் கருகியதாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. மாடியில் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பைத் திறந்து முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், கை தாங்காது. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். அது இளநாற்றின் வேரை அவித்துவிடும். இன்னொன்று, சப்பைத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் தண்ணீர் காய்ந்ததும் உப்பு இலையிலேயே நின்று ஓரத்தை எரிக்கும். இரண்டும் மதியத்தில்தான் அதிகம் நடக்கும் என்பதால் பழி சூரியன்மேல் விழுந்துவிட்டது. காலையில் ஊற்றுவது நல்ல பழக்கம், அதை மாற்ற வேண்டாம். பைப்பில் சூடு தணிந்த தண்ணீரை, இலையில் படாமல், வேரில் விடுங்கள். மாலையில் இலை நனைய ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சாணம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மதியம் தலை சாய்ந்து நிற்கிற செடிக்கெல்லாம் தண்ணீர் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். சுரை, பூசணி, பீர்க்கன் போன்ற அகல இலைச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, ஐந்து மணிக்குத் தானே நிமிரும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சும்மா விடுங்கள். ஈரம் இருந்தும் மாலையிலும் நிமிரவில்லை என்றால் வேரில் கோளாறு. மேலும் தண்ணீர் ஊற்றினால் அது கூடும்.

ஓட்டுச்சில்லு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதை விடமாட்டேன் என்கிறார்கள். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பொடியான மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் சொதசொதவென்று நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடிகால் கூடும். ஜல்லி போடும்போது மண்ணின் உயரத்தைக் குறைக்கிறீர்கள். அடியில் தேங்கி நிற்க வேண்டிய ஈரம் இரண்டு அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மண் இயற்பியலில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைப்பதோ, கொஞ்சம் தேங்காய் நார் வைப்பதோ தப்பில்லை. பழைய வீடுகளில் பெரியவர்கள் செய்தது அந்த ஒரு சில்லுதான். வடிகால் வேண்டுமென்றால் பையிலுள்ள கலவை முழுவதையும் பொலபொலப்பாக்க வேண்டும்.

கலவை என்றதும் தென்னைநார்க் கழிவு நினைவுக்கு வருகிறது. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், மாடிக்கு ஏற்றதுதான். ஆனால் அதில் செடிக்கு உணவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கழுவாத கட்டியில் உப்பும் கணிசமாக இருக்கும். வாங்கிய கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவையில் சேருங்கள். உங்கள் பைகள் அந்தக் கட்டியை அப்படியே உடைத்துப் போட்டு நிரப்பியவை என்றால், உப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது.

முட்டை ஓடு பொய்யில்லை. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்தான், செடிக்குக் கால்சியம் தேவையும்தான். ஆனால் அது கரைய அமிலத்தன்மை வேண்டும். நம் போர் தண்ணீரே கடின நீர். பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே, அதிலும் இதே கால்சியம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றுகிற பையில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் ஓடாகவே கிடக்கும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்குக் கால்சியம் பற்றாக்குறை என்று சொல்கிறார்களே, அது காய்க்குள் ஏற்படும் பற்றாக்குறை. மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறுவது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் தடைப்படும். வேரைச் சுற்றி உப்பு இருந்தாலும் வேரால் தண்ணீர் இழுக்க முடியாமல் தடைப்படும். ஒரே சீராகத் தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த இலைச் சருகால் மூடாக்குப் போடுவது முட்டை ஓட்டைவிடப் பலன் தரும்.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். அப்போது கொடுத்தால் பலன் உண்டு. குறை இல்லாத செடிக்குக் கொடுத்தால், கூடுதல் மெக்னீசியம் கால்சியத்தை வேர் எடுப்பதைத் தடுக்கும். உப்பு ஏறிய பைக்கு இன்னொரு உப்பைச் சேர்த்ததாகவும் ஆகும். உங்களுக்கு இது வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் உண்டு, அதில் சந்தேகமில்லை. அது முழுதாகக் கிடைப்பது தோல் மட்கிய பிறகுதான். இரண்டு நாள் ஊறவைத்த தண்ணீரில் வருவது கொஞ்சம். அதையும் மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும், டெங்கு வரும் ஊரில் அது வேறு தொல்லை. தோலை உரக்குழியில் அல்லது உரத் தொட்டியில் போடுங்கள்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் நம் வீடுகளில் தலைமுறையாக வரும் வழக்கம். இதைச் சட்டென்று பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, தள்ளவும் கூடாது. மோரில் கொஞ்சம் புரதம் இருக்கிறது. மட்கினால் தழைச்சத்து கிடைக்கும். புளிப்பில் உள்ள லாக்டிக் அமிலம் காரத்தன்மையுள்ள மண்ணில் கரையாமல் கிடக்கும் இரும்பைக் கொஞ்ச நேரம் கரைத்துக் கொடுக்கக்கூடும். இவை இரண்டும் நியாயமான ஊகங்கள். நிரூபணம் என்று சொல்லிக் கையில் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரு டம்ளர் மோரின் புளிப்பைக் கடின நீர் சீக்கிரமே முறித்துவிடும் என்பது மட்டும் உறுதி. உங்கள் செடியில் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. அதற்கு நேரடி வழி இருக்கிறது: லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலையில் தெளிப்பது. கண்ட கண்ட தண்ணீரில் கரைக்காமல் மழைநீர் அல்லது நல்ல தண்ணீரில் கரையுங்கள். தெளித்த பிறகு சில நாள் விட்டு, இலையை நன்றாகக் கழுவிச் சமையலுக்கு எடுங்கள். மோர் ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நீர்க்க ஊற்றுங்கள். தாளித்த மோர், உப்புப் போட்ட மோர் மட்டும் கூடவே கூடாது. கறிவேப்பிலை தழைக்க எனக்குத் தெரிந்த உறுதியான வழி, நுனியைக் கிள்ளுவது. இலையை ஒவ்வொன்றாக உருவாமல், கொத்தோடு நுனியை ஒடித்து எடுத்தால் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். முழு வெயிலும் வேண்டும். மோர் ஊற்றுகிற கையே தினமும் செடியைப் பார்த்து, கிள்ளி, களை எடுக்கிறது. அந்த வீட்டுக் கறிவேப்பிலை நன்றாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

தக்காளிப் பூ உதிர்வதற்குப் பெருங்காயமும் தேமோரும் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) தெளிக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பகல் 36, 37 டிகிரி. இரவிலும் 26, 27-க்குக் கீழே இறங்குவது அரிது. இரவு 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் பெரும்பாலான தக்காளி ரகங்களில் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ காயாகாமல் விழும். இதற்கு எந்தக் கரைசலாலும் பரிகாரம் கிடையாது. கார்த்திகை, மார்கழியில் மழை ஓய்ந்த சமயமாகப் பார்த்து நட்டால் தை, மாசியில் காய் பிடிக்கும். கோடையில் அந்தப் பைகளில் வெண்டை, கொத்தவரை வையுங்கள். கொத்தவரை வெயிலையும் தாங்கும், உப்பையும் நன்றாகவே தாங்கும். பீட்ரூட்டும் உப்பு தாங்கும் (அதற்குக் குளிர்ந்த மாதங்கள் வேண்டும்). பீன்ஸ் உப்புக்கு மிகவும் சோர்ந்துபோகும் பயிர். முத்தியால்பேட்டை மாடியில் சப்பைத் தண்ணீரில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பஞ்சகவ்யத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 3 சதவீதக் கரைசலாகத் தெளித்து நல்ல பலன் கண்ட சோதனைகள் உண்டு. ஆனால் ஒவ்வொருவர் தயாரிப்பும் வேறு வேறு என்பதால், ஒருவருக்குக் கிடைத்த பலன் இன்னொருவருக்குக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. தெளிக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சாமந்தி பூச்சியை விரட்டும் என்பதில் பாதி உண்மை. துலுக்கச் சாமந்தியின் வேரிலிருந்து சுரக்கும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும். ஆனால் அது பாத்தி முழுக்க நெருக்கமாக, இரண்டு மாதமாவது வளர்ந்திருக்க வேண்டும். மூலையில் வைத்த ஒரு செடிக்கு அந்தச் சக்தி இல்லை. இன்னொரு பயனும் உண்டு, அது விரட்டுவதற்கு நேரெதிரானது. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் சாமந்தி என்று பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி சாமந்தி மொட்டுக்கு ஈர்க்கப்பட்டு அங்கே முட்டையிடும், அதை அங்கேயே பிடித்து அழிக்கலாம். அந்த மொட்டைப் பார்க்காமல் விட்டால் புழுவை நீங்களே கூப்பிட்டு வைத்ததாக ஆகும். பூச்சி என்றாலே எதிரி என்றும் நினைக்காதீர்கள். 2008-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எந்த மருந்துக்கும் மசியாத அது, 2010-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியால்தான் அடங்கியது. மாவுப்பூச்சியைக் கண்டதும் கடும் மருந்து அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

வளர்பிறையில் விதைத்தால்தான் முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது உங்கள் நம்பிக்கை என்றால் அதனால் கெடுதலும் இல்லை. ஆடிப்பட்டம் அப்படிப்பட்டதல்ல, பருவத்தைப் பார்த்து வைத்த கணக்கு. நமக்கு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆடியில் விதைத்தது அதற்குள் வேரூன்றி நிற்கும்.

கடைசியாக, வாசலில் நிற்கும் தென்னை. காய்க்காத தென்னைக்குக் கல்லுப்பு போடுவது பற்றிக் கேட்டீர்கள். தென்னைக்குக் குளோரைடு தேவை, கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் அது குறைவான மண்ணில் உப்பு போட்டுப் பலன் கண்டது உண்மை. கெட்டியான செம்பாறை மண்ணில் கன்று வைக்கும் குழியை இளக்குவதற்கும் உப்பு பரிந்துரைக்கப்படுகிறது. கடல்காற்று நேரே அடிக்கிற உங்கள் தெருவில் குளோரைடுக்குக் குறைவே வராது, போட வேண்டாம். மரத்தில் ஆணி அடிக்கச் சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டுக்குள் புகுந்து குடைந்தால் வெளியே தெரியும்போது மரம் போயிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஆர்.ஓ. கழிவு நீரைப் பாத்ரூம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதைப் பிடித்து நாற்றுகளுக்கு ஊற்றலாம். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வடிந்த உப்புத் தண்ணீரை மண் திரும்ப உறிஞ்சும். பையை ஒருமுறை நன்றாகக் கழுவ வேண்டும்: கிடைக்கிற தண்ணீரில் எது நல்லதோ அதை, பையின் கொள்ளளவுக்குக் குறையாமல், மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கழுவினால் உரமும் போகும். பத்து நாள் கழித்துத் தொழுவுரமோ மண்புழு உரமோ வையுங்கள். மழைக்காலத்தில் பைகளை மறைவுக்கு நகர்த்தாமல், வடிகால் சரியாக இருந்தால் மழையில் நனையவிடுங்கள். இதைவிட மலிவான மருந்து கிடையாது. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீர், நகராட்சிக் குழாய்த் தண்ணீர், பையின் அடியில் வடிகிற தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். வடிகிற தண்ணீரின் எண், ஊற்றிய தண்ணீரின் எண்ணைவிடப் பல மடங்கு இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். மண்ணையும் பார்க்க நினைத்தால் குரும்பாபேட்டையில் இருக்கும் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அந்த மூன்று எண்களையும், எந்த இலை முதலில் மஞ்சளாகிறது, கொழுந்தா முதிர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்து எந்தக் காயைத் தொடரலாம், எதை விடலாம் என்று சொல்கிறேன்.